வீட்டு வயரிங் காயில்: எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச்., ஹாலஜன் இல்லாதது – எதற்குக் காசு கொடுக்கலாம்?

எலக்ட்ரிக்கல் கடையில் 90 மீட்டர் வயர் காயில் கேட்டால் முதலில் பிராண்டு பெயரைச் சொல்வார்கள். அடுத்து பெட்டியில் உள்ள எழுத்துகளைக் காட்டுவார்கள்: எஃப்.ஆர்., ஹெச்.ஆர்.எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச்., ஹெச்.எஃப்.எஃப்.ஆர். எழுத்து கூடக் கூட விலையும் கூடும். இந்த எழுத்துகள் எல்லாமே வெளியே இருக்கும் இன்சுலேஷனை, அதாவது வயரின் தோலைப் பற்றியவை. காயிலின் விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் செம்புக்குத்தான் போகிறது, ஆனால் அந்தச் செம்பைப் பற்றி இவற்றில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஃபினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ், ஆர்.ஆர். கேபிள் போன்ற பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் பல தரங்களில் வயர் விற்கின்றன. அதனால் இங்கே பிராண்டை விட்டுவிட்டு, வீடுகளில் அதிகம் ஓடும் 1.5 ஸ்கொயர், 2.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ.யில்) காயில்களைத் தரவாரியாகப் பார்க்கிறோம். தனி வீட்டுக்கு எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். (தீயைப் பரப்பாத, புகையும் ஹாலஜனும் குறைந்த பிவிசி) தாராளமாகப் போதும். அடுக்குமாடி, கிளினிக், ஹாஸ்டல் என்றால் ஹாலஜன் (குளோரின் போன்ற தனிமங்கள்) இல்லாத ஹெச்.எஃப்.எஃப்.ஆர். வயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். "101 சதவீதக் கடத்துத்திறன்" என்ற விளம்பரத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். அந்தக் காசில் ஒரு அளவு பெரிய வயரை வாங்குங்கள்.

செம்பு

பிவிசி வயருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 694. அதற்குள் இருக்கும் கடத்திக்கு ஐஎஸ் 8130. 1.5 ஸ்கொயர் வயர் பொதுவாக 22/0.3, அதாவது 0.3 மி.மீ. கனமுள்ள 22 இழைகள். 2.5 ஸ்கொயர் 36/0.3. கம்பெனி அட்டவணைகளில் இவற்றின் அதிகபட்ச மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு முறையே 12.1 ஓம், 7.41 ஓம் என்று இருக்கும். வயரைத் தரம் பார்க்க இந்த எண்ணை விட நல்ல அளவுகோல் கிடையாது. செம்பு மெலிந்தாலும், கலப்படமானாலும், இழை குறைந்தாலும் மூன்றும் இந்த ஒரே எண்ணில் வெளிப்பட்டுவிடும்.

90 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 1.5 ஸ்கொயர் காயில் 1.09 ஓமுக்குள்ளும், 2.5 ஸ்கொயர் 0.67 ஓமுக்குள்ளும் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் இதை அளக்க முடியாது, ஏனென்றால் அதன் புரோப் வயருக்கே அரை ஓம் வரை தடை இருக்கும். 12 வோல்ட் பேட்டரி, ஒரு கார் ஹெட்லைட் பல்பு, காயில் மூன்றையும் சீரீஸில் இணையுங்கள். ஒரு மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்துக் கரண்டையும், இன்னொன்றைக் காயிலின் இரு முனைகளில் வைத்து வோல்டேஜையும் பாருங்கள். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை வந்துவிடும். வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.393 சதவீதம் ஏறும். 35 டிகிரி மதியத்தில் அளந்தால் 1.09 என்பது 1.15 ஆவது இயல்பு. 1.3, 1.4 என்று வந்தால் அந்தக் காயிலை வாங்க வேண்டாம்.

இந்தச் சோதனையிலும் ஏமாற ஒரு வழி உண்டு. 90 மீட்டர் என்று சொல்லி 82 மீட்டர் சுற்றியிருந்தால், மெலிந்த செம்பும் சரியான ஓம் காட்டும். நல்ல வயர்களில் மீட்டருக்கு ஒரு முறை நீள எண் அச்சாகியிருக்கும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்தால் போதும். அந்த அச்சு இல்லையென்றால் ஒரு மீட்டர் வயரை வெட்டி, தோலை உரித்து, செம்பை மட்டும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 22/0.3 முழுசாக இருந்தால் சுமார் 13.8 கிராமும், 36/0.3 என்றால் 22.6 கிராமும் வர வேண்டும். 13 கிராமுக்கும் 21 கிராமுக்கும் கீழே போனால் ஓம் கணக்கும் தேறாது.

5, 6 கிராம்தான் வருகிறது என்றால் அது செம்பே அல்ல, செம்பு பூசிய அலுமினியம். பெயரில்லாத மலிவு வயர்களிலும், ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களிலும் இது சாதாரணமாகக் கிடைக்கிறது. வெட்டுமுனையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம். வெட்டும்போது மேலிருக்கும் செம்பு இழுபட்டு முனையை மூடிவிடும். ஒரு இழையை உப்புத்தாளில் நான்கு தடவை தேய்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு இதற்கு நேர்மாறானது: வெளியே வெள்ளை, தேய்த்தால் சிவப்பு. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

செம்பு பூசிய அலுமினியத்தின் தடை, அதே அளவுள்ள செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு. 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். மெயின் பெட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளிக் குளியலறை இருந்தால், போக வர 40 மீட்டர். நல்ல 2.5 ஸ்கொயரில் சுவருக்குள் 50 வாட் சூடாக வீணாகும். அலுமினியத்தில் அது 80 வாட். ஆனால் பெரிய ஆபத்து சுவருக்குள் இல்லை, ஸ்க்ரூ முனையில் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஒரு நல்ல மின்காப்பு. தவிர, சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகம் விரியும், ஸ்க்ரூ அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் பிடி தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். சாக்கெட் கருகுவது இப்படித்தான்.

கலப்படச் செம்பு இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத குறை. ஏசி, ஃப்ரிட்ஜ் குழாய்களில் பாஸ்பரஸ் சேர்த்த செம்பு வரும். கேஸ் வைத்து ஒட்டும்போது அது நல்ல குணம். அந்தப் பழைய குழாய்களைச் சரியாகச் சுத்திகரிக்காமல் உருக்கி வயராக இழுத்தால், 0.04 சதவீதப் பாஸ்பரஸே கடத்துத்திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நிறத்திலும் எடையிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தராசில் தப்பித்தாலும் பேட்டரி சோதனையில் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது அந்த 101 சதவீத விளம்பரம். உலகம் முழுக்கச் செம்பின் கடத்துத்திறனை ஒப்பிட 1913-இல் ஒரு அளவு வகுத்தார்கள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. பரப்பும் உள்ள மென்செம்பின் தடை 20 டிகிரியில் 58-இல் ஒரு பங்கு ஓம் என்றால் 100 சதவீதம். அன்றைய நல்ல செம்பை வைத்து வகுத்த எண் அது. இன்றைய மின்பகுப்புச் செம்பு சர்வசாதாரணமாக 100-ஐத் தாண்டும். 101 வந்தாலும், மேலே சொன்ன 50 வாட் இழப்பில் மிச்சமாவது அரை வாட். அதே ஓட்டத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 33 வாட்டாக இறங்கும், 17 வாட் மிச்சம்.

"இழை அதிகம், அதனால் கரண்ட் நன்றாக ஓடும்" என்று கடையில் சொல்வதும் தவறு. அதிவேக அலைவரிசையில்தான் கரண்ட் கடத்தியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். நம் 50 ஹெர்ட்ஸில் அது செம்புக்குள் 9 மி.மீ.க்கு மேல் ஆழமாகப் பாயும். 0.3 மி.மீ. இழையில் மேற்பரப்பு, உட்புறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இழை அதிகமானால் வயர் வளையும், பைப்பில் இழுக்கச் சுலபம். பலன் அவ்வளவுதான். ஆனால் அதுவும் சின்ன விஷயமல்ல, ஒற்றைக் கம்பி வயரைப் பைப் வளைவில் (பெண்டில்) இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்சுலேஷன்

வெறும் பிவிசி பிசின் கட்டையாக இருக்கும். பிளாஸ்டிசைசர் சேர்த்து மென்மையாக்கி, சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பி கலந்து, நிறம் சேர்த்துத்தான் வயர் மேல் ஏற்றுகிறார்கள். நிரப்பி மலிவு. அதனால் மோசமான வயரில் அதுதான் அதிகமாக இருக்கும். சாதாரணப் பிவிசி இன்சுலேஷனுக்கான தரம், சதுர மி.மீ.க்கு 12.5 நியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும் என்றும், அறுவதற்கு முன் குறைந்தது 150 சதவீதம் நீள வேண்டும் என்றும் சொல்கிறது. இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். 1.5 ஸ்கொயர் வயரில் ஆறு செ.மீ. தோலைக் குழாயாக உருவி எடுத்து, நடுவில் 1 செ.மீ. இடைவெளியில் பேனாவால் இரண்டு கோடு போடுங்கள். இரு முனைகளையும் பிளையரில் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல தோல் அடம்பிடித்து நீளும், கோடுகள் 2.5 செ.மீ. தூரம் விலகும்வரை அறாது. சுண்ணாம்பு கூடிய தோல் இழுத்த இடம் வெளுத்து, 1.5 செ.மீ.கூட எட்டாமல் பட்டென்று அறும். அந்தத் தோல்தான் நான்கைந்து வருடங்களில் சுவிட்ச் பாக்ஸுக்குள் வளைந்த இடத்தில் வெடித்து நிற்கும்.

தோலின் கனம் 1.5 ஸ்கொயருக்கு 0.7 மி.மீ., 2.5 ஸ்கொயருக்கு 0.8 மி.மீ. கனத்தை விட முக்கியம், செம்பு நடுவில் இருப்பது. பிளேடால் குறுக்கே ஒரு மெல்லிய வளையம் வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தாள் மாதிரியும் இருந்தால், சராசரிக் கனம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. கரண்ட் மெலிந்த இடத்தைத்தான் தேடும்.

இனி எழுத்துகள். சாதாரண எஃப்.ஆர். என்பது தீயைப் பரப்பாத பிவிசி. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். எஃப்.ஆர். தோல் எரிந்துகொண்டே இருக்க வேண்டுமானால் குறைந்தது 29 சதவீத ஆக்சிஜன் தேவைப்பட வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் வெளியிலிருந்து வரும் சுவாலையை விலக்கினால் தானே அணைந்துவிடும். சுவாலை தொடர்ந்து படும்வரை கருகத்தான் செய்யும், புகையும் விடும். "இந்த வயர் எரியாது" என்று விற்பது பொய்.

ஹெச்.ஆர். என்றால் வெப்பம் தாங்கும் பிவிசி. சாதாரணப் பிவிசிக்குத் தொடர்ந்து தாங்கும் வரம்பு 70 டிகிரி, ஹெச்.ஆருக்கு 85. இதை வைத்து அதிகக் கரண்ட் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். வயர் 85 டிகிரியில் சும்மா இருந்தாலும், அது போய்ச் சேரும் சுவிட்ச், சாக்கெட், எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) முனைகள் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. அந்த 15 டிகிரியை மொட்டைமாடி வெயிலுக்கான உபரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். இன்னொரு படி மேல். பிவிசி பிசினில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வரும், ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணும் தொண்டையும் எரிந்து வழி தெரியாமல் போவதற்குக் காரணம் இதுவும் கரும்புகையும்தான். எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். தரத்தில் இந்த அமில வாயு இன்சுலேஷன் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, புகைக்கும் ஒரு வரம்பு உண்டு. 20 சதவீதம் என்பதும் குறைவல்ல. ஒரு 2.5 ஸ்கொயர் காயிலில் ஏறக்குறைய 950 கிராம் பிவிசி இருக்கும். முழுக்க எரிந்தால் 190 கிராம் அமில வாயு.

ஹாலஜன் இல்லாத வயரில் குளோரினே கிடையாது, அதன் தரம் ஐஎஸ் 17048. பாலிஎத்திலீன் வகைப் பிசினில் பாதிக்கு மேல் அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற தாதுத் தூளைக் கலக்கிறார்கள். சுமார் 200 டிகிரியில் அந்தத் தூள் உடைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீராவியாக வெளிவிடும். தீயைக் குளிர வைப்பது அந்த நீராவி. புகை வெளிறி, மெலிதாக இருக்கும். அமில வாயு அரை சதவீதத்துக்குள், அதாவது அதே காயிலுக்கு 5 கிராம் அளவில். 190-க்கும் 5-க்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் விலை. பத்து வீட்டு வயர் ஒரே டக்டில் ஏறி, அந்த டக்ட் மாடிப்படி ஓரமாக இருக்கும் கட்டடத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது. கீழ்த்தளத்தில் நேராக வாசலுக்கு வந்துவிடலாம் என்ற வீட்டில் அவ்வளவு அவசரமில்லை.

குறைகளும் உண்டு. தூள் அதிகம் என்பதால் தோல் பிவிசி அளவு வழுக்காது, பைப்பில் இழுக்கும்போது கீறும், கூர்மையாக மடித்தால் வெளுக்கும். பிவிசியை இழுக்கிற மாதிரி முரட்டுத்தனமாக இழுத்தால் பெண்டில் கிழியும். பைப்பை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு, பைப் முனைகளைத் தேய்த்து மழுக்கி, இழுவைத் தூள் போட்டு இழுக்க வேண்டும். தூளுக்கு ஈரம் இழுக்கும் குணமும் உண்டு. அதனால் தண்ணீர் நிற்கும் தரைப் பைப்புக்கு, வீட்டு ஒற்றை வயர் எதையுமே போடாமல், மேலுறை உள்ள கேபிள் போடுவதே சரி.

"எலி கடிக்காது, கரையான் அரிக்காது" என்று பெட்டியில் இருந்தால் அதற்குத் தனி மதிப்புத் தர வேண்டாம். எலியைத் தடுப்பது பைப்பும் மூடிய பாக்ஸும்.

சூடு

கடத்தியும் மின்காப்பும் சூட்டில் எதிரெதிராக நடந்துகொள்ளும். வயரிங்கில் வரும் பாதித் தொல்லைக்கு வேர் இதுதான். சூடானால் செம்பின் அணுக்கள் அதிகம் அதிரும், எலக்ட்ரான் ஓட்டத்துக்குத் தடை ஏறும். 20-லிருந்து 70 டிகிரிக்குப் போனால் 20 சதவீதம். பிவிசியில் அதே சூடு பொருளை இளக்கி, உள்ளே சிக்கியிருக்கும் அயனிகளை நகர விடும், தடை இறங்கும். சாதாரணப் பிவிசிக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சத் தன்தடை (பொருளுக்கே உரிய மின்தடை) 27 டிகிரியில் 10,00,000 கோடி ஓம்-செ.மீ., 70 டிகிரியில் 1,000 கோடி. ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓட்ட வேண்டியதை ஓட்டும் திறனும், தடுக்க வேண்டியதைத் தடுக்கும் திறனும் சேர்ந்தே குறைகின்றன. வரம்புக்கு மேல் சூடு நீடித்தால் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறி, தோல் மொறமொறவென்று ஆகிவிடும்.

அதனால் அட்டவணையில் போட்டிருக்கும் ஆம்பியரை அப்படியே நம்பக் கூடாது. 30 டிகிரியில், பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் என்றால் 2.5 ஸ்கொயருக்கு சர்வதேச அட்டவணை 24 ஆம்பியர் தருகிறது. வேலூரிலோ மதுரையிலோ மே மாதம் மேல்தளக் கான்கிரீட்டுக்குள் 50 டிகிரி என்று வைத்தால் 0.71-ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் போனால் இன்னும் 0.70. மிஞ்சுவது 12 ஆம்பியர்கூட இல்லை. அதே வயரை 16 ஆம்பியர் எம்சிபியில் மாட்டியிருப்பார்கள். அந்த எம்சிபி 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது. 23 ஆம்பியர் ஓடினாலும் விழ ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அதன் தரமே சொல்கிறது. ஆகவே ஒன்றரை டன் ஏசிக்கு 7, 8 ஆம்பியர்தானே என்று மூன்று ஏசி லைனையும் ஒரே பைப்பில் அடைக்காதீர்கள். தனிப் பைப் போடுங்கள், அல்லது 4 ஸ்கொயர் போடுங்கள். உயர்ந்த தர இன்சுலேஷன் இந்தக் கணக்கை ஈடுகட்டாது.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தெர்மோகோல் ஷீட் போடுபவர்கள் கவனிக்க: பிவிசி வயர் அதைத் தொடக் கூடாது. பிளாஸ்டிசைசர் தெர்மோகோலுக்குள் இறங்கி, ஷீட் கரைந்து பள்ளமாகும், வயர் தோல் விறைக்கும். பைப்புக்குள் வயர் இருந்தால் பிரச்சினையில்லை.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பிவிசி வயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் நடப்பில் உள்ளதா என்று வந்துவிடும். போலிப் பெட்டி பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். பெட்டி நிஜம், காயில் போலி என்ற கேஸுக்கு வயர் மேலிருக்கும் அச்சையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்ல வயரையும் மாட்டும் விதத்தில் கெடுக்கலாம். பிளையர் பல்லால் தோல் உரித்தால் இழை அறும். 36 இழையில் நான்கு போனால் அந்த முனையில் மட்டும் செம்பு 11 சதவீதம் குறைவு, சூடு அங்கேதான் கூடும். ஸ்ட்ரிப்பரால் 8 முதல் 10 மி.மீ. உரித்து, எம்சிபிக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் போகும் முனைகளில் ஃபெருல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்துங்கள். ஈயப்பற்று வைத்து ஸ்க்ரூவில் இறுக்குவது வேண்டாம், ஈயம் அழுத்தத்தில் நசுங்கிப் பிடி விட்டுவிடும். பைப்புக்குள் ஜாயின்ட் கூடாது. டேப் சுற்றிய ஜாயின்ட்டும் கூடாது, ஏனென்றால் டேப்பின் பசை சூட்டில் இளகிச் சுருள் பிரியும்.

இழுத்து முடித்ததும், சுவிட்ச் மாட்டுவதற்கு முன்பே 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்து பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பேஸ்–நியூட்ரல் மூன்றையும் பாருங்கள். விதிப்படி 1 மெகாஓம் இருந்தால் பாஸ். ஆனால் புது வயரில் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். எல்லா லைனும் 500-க்கு மேல் காட்டி, ஒன்று மட்டும் 3 மெகாஓம் என்றால் அது பாஸ் அல்ல. எங்கோ ஒரு பெண்டில் தோல் கீறியிருக்கிறது, அல்லது பைப்பில் தண்ணீர் நிற்கிறது. அந்த லைனை உருவிப் பார்த்துவிட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு அதே வேலைக்குச் சுவரை உடைக்க வேண்டிவரும்.